சேமக்காலையைப் பராமரிக்க முன்வருவோருக்கு: வன்னிக் கிராமங்களுக்கான வழிகாட்டி

வன்னிக் கிராமங்களில் கிறிஸ்தவக் கோயில் வளவையும் அதனோடு ஒட்டிய சேமக்காலையையும் (கல்லறைத் தோட்டத்தையும்) துப்புரவு செய்யப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மண்வெட்டியும் காட்டுக்கத்தியுமாகவே வந்து இறங்குகிறார்கள். முதல் நாளில் அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு கொப்பியோடும் அளவுநாடாவோடும், அந்த ஊரில் பிறந்து வளர்ந்த வயதான ஒருவரை அழைத்துக்கொண்டும் வருவது நல்லது. நகரத்துப் பெரிய சேமக்காலைகளில் கல்லறைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். பெயரும் ஆண்டும் மாபிளில் பொறிக்கப்பட்டிருக்கும். கிராமத்தில் பல குழிகளுக்குக் கல்லே கிடையாது. நாட்டிய மரச்சிலுவையைக் கறையான் தின்றிருக்கும், மண்மேடு சில மாரிகளுக்குள் தாழ்ந்துபோயிருக்கும், தலைமாட்டில் குப்புற நட்ட போத்தல்களின் வரிசையோ, கடற்கரை ஊரென்றால் சங்கும் சிப்பியுமோ, தனியாக நிற்கும் ஒரு செவ்வரத்தையோ மட்டும் மிஞ்சியிருக்கும். இடம் தெரியாதவர் கண்ணுக்கு அது குப்பை. மண்வெட்டியை ஒரு தடவை இழுத்தால், ஒரு குடும்பத்துக்கு மிஞ்சியிருந்த ஒரே அடையாளம் போய்விடும்.

ஆகவே இந்த வழிகாட்டியின் வேலை ஒழுங்கு ஒன்றுதான்: முதலில் கேட்டு எழுதுங்கள், பிறகு வெட்டுங்கள்.

அனுமதியும் எல்லையும்

கத்தோலிக்கக் கோயிலென்றால் அனுமதி பங்குத்தந்தையிடமிருந்து வரவேண்டும். மன்னார், வவுனியா மாவட்டங்களின் பங்குகள் 1981இல் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட மன்னார் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் பங்குகள் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்குள் இருக்கின்றன. அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபைக் கோயில்களில் குருவானவரையும் சபை நிருவாகிகளையும் அணுக வேண்டும். உட்கிராமக் கோயில்களுக்குச் சுவாமி (பங்குத்தந்தை) எல்லா ஞாயிறும் வருவதில்லை. ஆதலால் அவருடைய சம்மதம் கிடைத்த பிறகும், நாளாந்தம் கோயிலைத் திறந்து பூட்டுகிறவரிடமும் கோயிற் சபையினரிடமும் நேரில் சென்று பேசிவிடுவது அவசியம். பூசை முடிவில் ஒரு ஞாயிறு அறிவித்தல் சொல்லச் செய்வது இன்னும் நல்லது. தங்கள் தாய் தந்தையர் கிடக்கிற இடத்தில் யாரோ கத்தியோடு நிற்கிறார்கள் என்ற செய்தி மூன்றாம் ஆள் மூலம் ஒருவருடைய காதுக்குப் போகக் கூடாது.

சில ஊர்களில் சேமக்காலை கோயிலுக்குச் சொந்தமானதல்ல. பிரதேச சபையின் பொது மயானத்தில் கிறிஸ்தவர்களுக்கென விடப்பட்ட பகுதியாக இருக்கும். இந்த இடங்களை ஆளுகிற சட்டம் 1899ஆம் ஆண்டின் மயானங்கள் தொடர்பான கட்டளைச் சட்டமாகும். அங்கே சபைச் செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எதையும் கட்டவோ இடிக்கவோ முற்படாதீர்கள்.

எல்லையையும் வேலைக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் காடு பல வளவுகளுக்குள் வந்துவிட்டது. மீள்குடியேறியபோது வேலி இருந்த இடம் எது என்பதிலேயே ஊர்களில் பிணக்கு எழுந்திருக்கிறது. பின்பக்கத்துப் பற்றையை வெட்டிக்கொண்டே போனால், எந்த இடத்தில் கோயில் காணி முடிந்து வனவளத் திணைக்களத்தின் காணி தொடங்குகிறது என்பது கத்திக்குத் தெரியாது. கிராம அலுவலரை ஒரு தடவை கூட்டிவந்து எல்லைக் கற்களைக் காட்டச் சொல்லுங்கள். கல் அகப்படாத பக்கத்தில், பிணக்குத் தீரும்வரை கை வைக்காமல் விடுவதே புத்தி.

மண்ணுக்குள் என்ன இருக்கலாம்

வேறு பல பிரதேசங்களுக்கு எழுதுகிற வழிகாட்டியில் இந்தப் பகுதி இருக்காது. வன்னியில் இதைத் தவிர்க்க முடியாது.

கோயில்கள் மக்கள் அடைக்கலம் புகுந்த இடங்கள். ஆகவே அவற்றின் வளவுகளிலே பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன, எறிகணைகள் விழுந்தன, சில இடங்களில் படையினர் முகாமிட்டிருந்தனர். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. 2028 ஜூன் மாதத்துக்குள் வெடியகற்றலை முடிக்க வேண்டும் என்பது அதன்படி அமைந்த காலக்கெடு. அதாவது, வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் வளவு வெடியகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். ஒப்படைக்கப்பட்டிருந்தாலும், பழைய பதுங்குகுழியின் பள்ளத்தையோ மண் அணையின் மிச்சத்தையோ கண்டால் அங்கே அலவாங்கை ஊன்ற வேண்டாம். துருப்பிடித்த உலோக உருளை, பச்சை நிறப் பிளாஸ்ரிக் வட்டு, இறக்கை வைத்த குண்டு என எது தென்பட்டாலும் தொடாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, மற்றவர்களையும் அகற்றி, 119 இலக்கத்தில் பொலிசுக்குச் சொல்லுங்கள். இடத்துக்கு அடையாளம் வைக்க வேண்டுமானால் விலகி நின்று ஒரு மரத்தில் துணியைக் கட்டலாம்.

குப்பைக்கு நெருப்பு வைக்கும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். நிலத்தின் கீழே சிறிது ஆழத்தில் கிடக்கும் ஒரு வெடிபொருளை மண்வெட்டி தொடாமலே போகலாம். அதற்கு மேலே ஒரு மணிநேரம் எரிகிற சருகுக் குவியல் அதைச் சூடாக்கிவிடும். வெட்டிய பற்றையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோவதும், இலை தழையை ஒரு மூலையில் மக்கவிடுவதும் கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் அதில் ஆபத்தில்லை.

எலும்பு தென்பட்டால் இரண்டு நிலைமைகளைப் பிரித்தறிய வேண்டும். அறியப்பட்ட ஒரு குழியின் மேல்மண் மழையில் அரித்துத் திறந்து கிடந்தால், சுவாமிக்கும் குடும்பத்துக்கும் அறிவித்து அவர்கள் முன்னிலையில் மண் போட்டு மூடுவது வழக்கம். குழி இருந்ததென்று யாரும் சொல்லாத இடத்தில் எலும்போ உடையின் துண்டோ வெளிப்பட்டால் அது வேறு விடயம்: வேலையை அந்த நிமிடமே நிறுத்தி, எதையும் அசைக்காமல், கழுவாமல், பையில் எடுத்து வைக்காமல் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் நீதவானுக்கு அறிக்கையிடுவார்கள், அதற்குப் பிறகு தோண்டுவது சட்ட மருத்துவ அதிகாரியின் பொறுப்பு. மன்னாரில் திருக்கேதீச்சரத்துக்கு அருகே 2013 டிசெம்பரிலும், முல்லைத்தீவில் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனிலும் மனிதப் புதைகுழிகள் வெளிப்பட்டது தண்ணீர்க் குழாய்க்காக மண் வெட்டியபோதுதான். காணாமற்போனவர்களைத் தேடுகிற குடும்பங்கள் இந்த மாவட்டங்களில் இன்னும் இருக்கின்றன. நல்லெண்ணத்தோடு ஒருவர் எலும்பைப் பொறுக்கி ஒழுங்காக ஓரிடத்தில் அடக்கம் செய்துவிட்டால், அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய சாட்சியம் அதோடு அழிந்துபோகும்.

எந்த மாதத்தில் தொடங்குவது

நவம்பர் 2 மரித்தோரை நினைவுகூரும் நாள். அன்று சுவாமி சேமக்காலையில் பூசை வைத்து குழிகளை மந்திரிப்பார். நவம்பர் 1 முதல் 8 வரை சேமக்காலையைச் சந்தித்துச் செபிப்பவர்கள் மரித்தோருக்காகப் பரிபூரண பலனைப் பெறலாம் என்பது திருச்சபையின் போதனை, ஆகவே அந்தக் கிழமை முழுவதும் சனம் வந்துபோகும். இதைக் கணக்கிட்டு ஒக்ரோபர் கடைசியில் சிரமதானம் வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்போது மாரி தொடங்கியிருக்கும், காலபோக விதைப்பு நடக்கும், வயலை விட்டு ஒருவரும் வரமாட்டார்கள், வருகிற பொடியன்கள் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் செருக்கித் தள்ளிவிடுவார்கள். செருக்கிய மண்மேட்டில் அடுத்த கிழமை மழை விழும்போது மேடு கரைந்து ஓடும்.

ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா முடிந்து, சிறுபோக அறுவடையும் ஒப்பேறிய பிறகு, செப்ரெம்பர் நடுப்பகுதிவரை உள்ள நாட்களே பதிவு செய்வதற்கும் கல் வேலைக்கும் பற்றை வெட்டுவதற்கும் ஏற்றவை. மண் காய்ந்திருக்கும், புல் கருகியிருக்கும், புதைந்த விளிம்புகள் கண்ணுக்குத் தெரியும். களையை வேரோடு பிடுங்குவதற்கு மட்டும் முதல் மழை வரவேண்டும். நனைந்த மண்ணில் விரலாலேயே வந்துவிடும். ஒக்ரோபர் கடைசிக்குக் கூட்டுவதும் வெள்ளையடிப்பதும் மிஞ்சினால் போதும்.

வெயிலைச் சொல்லவே தேவையில்லை. காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்துமணியோடு நிறுத்துங்கள். காட்டோரத்து ஊர்களில் விடியுமுன் போவதும் பொழுதுபட்ட பிறகு நிற்பதும் யானையால் ஆபத்து.

பதிவு: கொப்பியும் அளவுநாடாவும்

யாரைக் கேட்பது என்பதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஊரில் மரியாதையான பெரியவர்களுக்குப் பொதுவான வரலாறு தெரியும். ஆனால் எந்தக் குழி எங்கே என்பது வேறு ஆட்களுக்குத் தெரியும். முதலாவது, குழி வெட்டுகிறவர். புதுக்குழி வெட்டும்போது பழையது குறுக்கிடக் கூடாதென்பதால் அவர் தலைக்குள்ளே ஒரு வரைபடமே இருக்கும். இரண்டாவது, பெட்டி அடிக்கிற தச்சர். யாருக்கு எந்த ஆண்டில் எத்தனை அடிப் பெட்டி என்று அவர் சொல்வார். மூன்றாவது, பழைய மருத்துவிச்சி ஒருவர் உயிரோடிருந்தால் அவர். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த கைக்குழந்தைகளை முற்காலத்தில் ஒதுக்கமான ஒரு மூலையில் தாட்டார்கள்; அந்த மேடுகள் ஒரு முழ நீளம்கூட இல்லாதவை, மரணப் பதிவேட்டில் பெயர் இல்லாதவை, எல்லாவற்றுக்கும் முன் அழிந்துபோகிறவை. அந்த மூலையைக் காட்டக்கூடியவர் பெரும்பாலும் அந்த ஒருவர்தான்.

கேட்கிற முறையும் முக்கியம். படிவத்தை நீட்டிப் பெயர், திகதி என்று வரிசையாகக் கேட்டால் வயதானவர்கள் வாயடைத்துப் போவார்கள். காலை வெயில் ஏறுமுன் ஒரு கதிரையும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு கூட்டிச் சென்று, முதலில் அவர்களுடைய சொந்தக்காரரின் குழிக்குப் போகவிடுங்கள். அங்கே மெழுகுதிரி கொளுத்திச் செபித்து முடித்த பிறகு, பக்கத்து மேட்டைக் காட்டி, “ஆச்சி, இதில ஆரைத் தாட்டது எண்டு ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டால் போதும். “இது செபமாலை அண்ணையின்ர தாய். அங்கால தேப்பன். நடுவில ஒரு பிள்ளை கிடக்குது, கல்லு இல்லை, பாத்து நட” என்று அடுத்தடுத்து வரும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் இரண்டையும் எழுதி, சொன்னவர் பெயரையும் அருகில் குறித்து வையுங்கள். தீர்ப்புச் சொல்வது தொண்டரின் வேலையன்று.

ஒவ்வொரு குழிக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். படலையிலிருந்து தொடங்கி, வலமிருந்து இடமாக, வரிசை வரிசையாக எண்ணுவதென்று ஒரு முறையை வைத்துக்கொண்டு அதை மாற்றாதிருங்கள். இலக்கத்தைக் கல்லில் பெயின்றால் எழுதக் கூடாது. சிறு தகரத் துண்டில் ஆணியால் குத்திப் பொறித்து, முழ நீளக் கம்பியில் கட்டித் தலைமாட்டில் ஊன்றலாம். தடியில்தான் கட்டுவதென்றால் காய்ந்த பாலைக் கட்டையாக எடுங்கள். வேலிக்கு வெட்டிய பச்சைக் கிளிசரியாக் கதியாலை ஊன்றினால் முதல் மழைக்கே தளிர்த்து, மறுவருடம் வளவு முழுக்க இலக்கம் தொங்கும் மரங்களாக நிற்கும்.

குழி இருக்கும் இடத்தைக் கைத்தொலைபேசியின் வரைபடத்தில் குறித்தால் போதுமென்று இளையவர்கள் நினைக்கிறார்கள். அந்தக் கருவி சில மீற்றர் தள்ளிக் காட்டக்கூடியது. குழிகளோ ஒன்றிலிருந்து ஒன்று ஒரு மீற்றர் தூரத்தில் கிடக்கின்றன. எந்தக் காலத்திலும் அசையாத இரண்டு இடங்களைத் தெரிவு செய்து, இரண்டிலிருந்தும் நாடாவால் அளப்பதே நம்பகமானது. உதாரணமாக, 37ஆம் இலக்கக் குழியின் தலைமாடு கோயிற் சுவரின் தென்கிழக்கு மூலையிலிருந்து 14.20 மீற்றர், கிணற்றுக் கட்டின் நடுவிலிருந்து 9.60 மீற்றர் என்று எழுதி, இரண்டுக்கும் எந்தப் பக்கத்தில் என்பதையும் குறித்துவிட்டால், மேடும் சிலுவையும் தகரமும் எல்லாம் போனாலும் இரண்டு நாடாக்கள் சந்திக்கிற புள்ளியில் அதைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். மரத்தை அடையாளப் புள்ளியாகக் கொள்ளாதீர்கள். புயலில் விழும், இல்லையென்றால் யாராவது வெட்டுவார்கள்.

எழுத்துப் பொறித்த கற்களை வாசிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. உச்சி வெயிலில் தேய்ந்த எழுத்துத் தெரியாது. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ வெயில் பக்கவாட்டில் விழும்போது, எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கி உரு வெளிப்படும். கல் மரநிழலில் இருந்தால், முகம் பார்க்கிற கண்ணாடியை வெயிலில் பிடித்து ஒளியைக் கல்லின் மேல் ஓரத்திலிருந்து சரித்து வீழ்த்துங்கள். ஒருவர் கண்ணாடியை மெல்ல மெல்லத் திருப்ப, மற்றவர் படம் எடுக்கலாம். வெறும் பாசி படிந்த பலகையாகத் தெரிந்த ஒன்றில் “சவிரிமுத்து” என்ற பெயர் ஒவ்வோர் எழுத்தாக எழுந்து வருவதை அப்போது காணலாம். கண்டதைக் கண்டபடியே எழுதுங்கள்: பழைய எழுத்துக்கூட்டலைத் திருத்த வேண்டாம், தமிழ் இலக்கங்களில் ஆண்டு இருந்தால் அப்படியே வரைந்துகொண்டு பக்கத்தில் வழமையான இலக்கத்தைக் குறியுங்கள், வாசிக்க முடியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஊகம் கொப்பிக்குள் புகுந்துவிட்டால் பத்து வருடத்தில் அது உண்மையாகிவிடும்.

பிரதிகள் மூன்று வேண்டும். 2004 டிசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கடற்கரையில் ஆழிப்பேரலை கோயில்களையும் வீடுகளையும் அவற்றிலிருந்த கடதாசிகளையும் ஒன்றாக அள்ளிச் சென்றது. அதற்குப் பின் வந்த இடப்பெயர்வுகளில் தப்பியவையும் தொலைந்தன. ஒரு பிரதி பங்கு மனையில், ஒன்று கோயிற் சபைச் செயலாளரிடம், மற்றொன்று ஊருக்கு வெளியே, மறைமாவட்ட அலுவலகத்திலோ நம்பகமான ஒருவரின் கணினியிலோ இருக்கட்டும். வெளிநாட்டிலிருக்கும் உறவினர்கள் வட்சப்பில் படம் கேட்பார்கள். அந்தந்தக் குடும்பத்தின் குழியை அந்தந்தக் குடும்பத்துக்கு அனுப்புவதில் தவறில்லை, முழுப் பட்டியலையும் முகநூலில் போடுவது தவறு. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் கரையோரத்தில் அவசரமாக மண் மூடிவிட்டு நகர வேண்டியிருந்தவர்கள் அந்த நினைவுகளை யாரோடு பகிர்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

வெட்டுதலும் பிடுங்குதலும்

காலுக்குச் சப்பாத்தும் நீளக் காற்சட்டையும், கைக்குத் தடித்த கையுறையும் கட்டாயம். பற்றைக்குள் கை வைப்பதற்கு முன் நீண்ட தடியால் தட்டுங்கள். கல்லைப் புரட்டும்போது அடிப்பக்கம் உங்களை நோக்கித் திறக்கும்படி புரட்டாமல், அது உங்களுக்கும் அடியில் இருப்பதற்கும் நடுவே நிற்கும்படி மறுபக்கத்தை உயர்த்துங்கள். வெடித்த கல்லறைப் பொந்துகள் புடையனுக்கும் நாகத்துக்கும் விருப்பமான இடங்கள், மட்டத்தேளுக்கும்தான். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 1990 அம்புலன்சை அழைத்து, அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கூட்டத்தில் ஒருவரிடம் மோட்டார் சைக்கிளும் பெற்றோலும் இருப்பதைக் காலையிலேயே பார்த்து வைத்திருப்பது நல்லது.

களைகளில் முதலில் அடையாளம் காண வேண்டியது பார்த்தீனியம். கரட் இலை போன்ற இலையும், கடுகளவு வெள்ளைப் பூக்களும் கொண்ட இந்தச் செடி இலங்கையில் 1999இல் வவுனியாவில் முதலில் பதிவு செய்யப்பட்டது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதைக்கும். வெறுங்கையால் பிடுங்கினால் தோல் தடித்துச் சொறியும், பூத்தூள் சிலருக்கு மூச்சிழுப்பைக் கொண்டுவரும். பூக்குமுன் வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பூத்துவிட்டதென்றால் மேலே சாக்கைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பிடுங்குங்கள். நாயுண்ணிக்கும் எருக்கலைக்கும் அவ்வளவு சடங்கு தேவையில்லை. அறுகை விட்டுவையுங்கள், மண்மேட்டை மாரியில் பிடித்து வைத்திருப்பது அதுதான். களைநாசினியை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். அது எல்லாவற்றையும் கருக்கி மேட்டை வெறும் மண்ணாக்கிவிடும், மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். குழியைச் சுற்றிப் புல்லைக் கத்தரியால் வெட்டுங்கள். நைலோன் நூல் சுழலும் இயந்திரத்தை நடைபாதையில் மட்டும் பாவியுங்கள், அது சுண்ணாம்புப் பூச்சைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். நித்தியகல்யாணி, செவ்வரத்தை, அலரி போன்றவை களையல்ல, யாரோ நட்டவை.

கல்லறை வெடிப்பில் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் சாண் அளவில் இருக்கும்போதே பிடுங்கலாம். வேர் விரல் தடிப்புக்கு வந்துவிட்டால் இழுக்க வேண்டாம். இழுத்தால் வேரோடு கட்டும் பிரிந்து வரும். அடியோடு வெட்டி, தளிர்க்கத் தளிர்க்கக் கிள்ளிக்கொண்டே இருந்தால் ஓரிரு வருடத்தில் பட்டுப்போகும். பனை, முதிரை போன்ற மரங்களை வெட்டுவதற்கும் மரத்தைக் கொண்டுசெல்வதற்கும் பிரதேச செயலகத்தில் அனுமதி பெறவேண்டும். நிழல் தருகிற வேம்பு எந்தக் குழியையும் தூக்காமல் நின்றால் அதை அதன் பாட்டில் விடுங்கள்.

கல்லும் சுண்ணாம்பும்

மன்னார்க் கரையோரத்துப் பழைய கல்லறைகள் முருகைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டவை. அவற்றின் வெடிப்பைச் சீமெந்தால் அடைப்பது நல்ல வேலைபோலத் தோன்றும். உண்மையில் அதுதான் அவற்றைக் கெடுக்கிறது. சுண்ணாம்பு மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். சீமெந்து கடினமானது, ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். உள்ளே தங்கிய உப்பும் ஈரமும் கல்லைத் தூளாக்க, சில வருடத்தில் சீமெந்து மட்டும் ஓடுபோல் மிஞ்சும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு சேர்த்துக் குழைத்து, வெடிப்பை நனைத்துவிட்டுப் பூசி, ஈரச்சாக்கால் சில நாட்கள் மூடி வையுங்கள். கடல் மணலில் உப்பு உண்டு, வேண்டாம். நீற்றாத சுண்ணாம்பைச் சிறுவர்களிடம் விடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

எழுத்துள்ள பலகைகளுக்குத் தண்ணீரும் மென்மையான தும்புத் தூரிகையும் போதும். அசிற், குளோரின், கம்பித் தூரிகை மூன்றும் எழுத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். வெள்ளையடிக்கும்போது எழுத்தின் மேல் அடிக்காமல் கடதாசியால் மறைத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் பெயர் எழுதிய பலகையின் மேல் ஆண்டுதோறும் பூசிப் பூசி, தோசைக்கல் போல வழவழப்பாக்கி வைத்திருக்கிறார்கள். சாய்ந்த பெரிய கற்களைத் தொண்டர்கள் நிமிர்த்தக் கூடாது. முட்டுக் கொடுத்து, சுற்றிக் கயிறு கட்டி, மேசனை அழையுங்கள். ஒல்லாந்தர் காலத்தது போலத் தோன்றும் கல்லென்றால் கழுவவும் வேண்டாம். படம் எடுத்துத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

வருகிறவர்களின் ஒழுக்கம்

கல்லறையில் இருக்கவோ தேநீர்க் கோப்பையை வைக்கவோ கூடாது. குழியைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். பாட்டுப் போட வேண்டாம். பக்கத்தில் ஒரு குடும்பம் செபித்துக்கொண்டிருந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

வன்னியில் சேமக்காலைச் சிரமதானத்துக்குச் சைவ இளைஞர்களும் வருவார்கள். துடக்குக் காரணமாக அவர்கள் முழுகிவிட்டே வீட்டுக்குள் போக விரும்புவார்கள். கிணற்றடியில் வாளியும் மறைப்பும் ஒழுங்கு செய்து வையுங்கள், அவர்களுடைய கோயில் திருவிழா நாட்களில் சிரமதானம் வைக்காதீர்கள். யாரும் கேட்காமலே இதைச் செய்துவிட்டால் அடுத்த முறையும் வருவார்கள்.

பெரிய மாபிள் கல்லறைக்காகப் பக்கத்து மேட்டையும் சேர்த்துப் பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன; வெளிநாட்டுக் காசு வந்த பிறகு இந்தப் பிரச்சினை கூடியிருக்கிறது. அந்த வழக்குக்குள் தொண்டர்கள் போகவேண்டாம். உங்கள் கொப்பியிலுள்ள அளவை சுவாமியிடம் கொடுத்துவிட்டு விலகுங்கள்.

மாரியும் அதன் பிறகும்

நவம்பர் முதற் கிழமை முடிந்ததும் வளவு நிறையப் பூச்சாடிகளும் மெழுகுதிரிக் கோப்பைகளும் சிரட்டைகளும் கிடக்கும். தண்ணீர் தேங்கினால் ஏறக்குறைய ஒரு கிழமையில் டெங்கு நுளம்பு பெருகிவிடும். ஆகவே 9ஆம் திகதி வாக்கில் சிறு குழுவொன்று போய் எல்லாவற்றையும் சேகரித்து, விடவேண்டிய சாடிகளைக் கவிழ்த்து, அடியில் துளையிட்டு, மணல் நிரப்பி வைக்க வேண்டும். படைத்த பழங்களையும் அப்போதே அகற்றுங்கள். காட்டுப்பன்றி அவற்றைத் தேடி வந்து மேடுகளைக் கிண்டும். வெள்ளம் நின்ற வளவில் வெறுங்காலோடு வேலை செய்தால் எலிக்காய்ச்சல் வரலாம். இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள்.

அந்த வருடத்துப் புதிய குழிகள் மாரியில் தாழ்ந்துபோகும். பள்ளத்தை நிரப்ப மண்ணை அடுத்த மேட்டிலிருந்தோ நடைபாதையிலிருந்தோ வெட்டாமல், வெளியிலிருந்து கொண்டுவாருங்கள். நிரப்பிய பிறகு அறுகைப் பதித்து, கட்டாக்காலி மாடுகள் ஏறாதபடி படலையின் கீழ்க்கம்பியை இறுக்கிக் கட்டிவிட்டு, புதிதாக நிரப்பிய குழிகளின் இலக்கங்களைத் திகதியோடு கொப்பியின் மூன்று பிரதிகளிலும் ஏற்றிவிடுங்கள்.